வன்னியில் என்ன சாப்பிடலாம், எங்கே தேடலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு, கனடா, தமிழ்நாடு என்று எங்கிருந்து வந்தாலும், வன்னிக்கு வெளிக்கிடும் முன்னர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தந்து பதில் எழுதியிருக்கிறேன். கடைப் பெயர்ப் பட்டியல் இதில் இல்லை. கடைகள் கைமாறும், சமைப்பவர் மாறுவார். எந்தப் பக்கத்தில், எந்தக் காலத்தில், எது நல்லது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

வன்னி எண்டா சரியா எது? சாப்பாட்டுக்கு எந்த ஊரில நிக்கிறது நல்லது?

ஆனையிறவுக்குத் தெற்கே உள்ள பெருநிலம்தான் வன்னி: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்கள். தேர்தல் கணக்கில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேரும். சாப்பாட்டுக் கணக்கில் அது வன்னிதான்.

ஒரே ஒரு ஊர் சொல் என்றால் முல்லைத்தீவு என்பேன். கடல், களப்பு (கடலோர உப்புநீர் ஏரி), குளம், வயல், காடு எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கிற இடம் அது. அலைச்சல் வேண்டாம், ரயிலில் இறங்கி நடந்துபோய்ச் சாப்பிட வேண்டும் என்றால் வவுனியா. தமிழ், முஸ்லிம், சிங்களக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரவும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். மன்னாருக்குத் தனியாக ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

யாழ்ப்பாணச் சாப்பாடும் வன்னிச் சாப்பாடும் ஒண்டுதானே? பிறகேன் தனியாத் தேடுவான்?

அடிப்படை ஒன்றுதான். புட்டு, இடியப்பம், சொதி, சம்பல், வறுத்து இடித்த கறித்தூள் எல்லாம் இங்கும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆறும் இல்லை, பெரிய குளமும் இல்லை, காடும் இல்லை. வன்னிச் சாப்பாடு அந்த மூன்றிலிருந்தும் வருகிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் என்று குளங்களைச் சுற்றித்தான் ஊர்களே இருக்கின்றன. விரால் குழம்பு, குளத்து மீன் கருவாடு, சட்டித் தயிர், சொந்த வயல் சிவப்பு அரிசிச் சோறு, காட்டுப் பழங்கள் இவையெல்லாம் இங்கே அன்றாடச் சாப்பாடு.

ஆட்களும் கலந்தவர்கள். குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள், பரம்பரையாக இங்கேயே இருந்த பழைய வன்னிக் குடும்பங்கள் எல்லோருடைய அடுப்பும் இங்கே எரிகிறது. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டில் காலைக்கு ஒடியல்மாப் (காய்ந்த பனங்கிழங்கு மா) புட்டும் அடுத்த வீட்டில் கோதுமை ரொட்டியும் சம்பலும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டும் இந்த ஊர்ச் சாப்பாடுதான்.

ஏ9 (கண்டி-யாழ்ப்பாணம்) வீதியில எங்க நிப்பாட்டினாலும் கொத்தும் பிறைட் ரைசும்தான் கிடக்குது. உள்ளூர்ச் சாப்பாடு எங்க?

இரவில் நிற்பாட்டினால் அதுதான் கிடைக்கும். கொத்து ரொட்டி, பிறைட் ரைஸ் இரண்டும் இங்கே இராச் சாப்பாட்டுக் கடைகளின் பிழைப்பு. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக அடித்த ஆட்டிறைச்சிக் கொத்து பயணக் களைப்புக்கு அருமையான சாப்பாடு. ஆனால் வன்னியை மத்தியானத்தில் சாப்பிட வேண்டும். சோறும் கறியும் பன்னிரண்டு மணிக்குத் தயாராகும், ஒன்றரைக்குள் நல்ல கறிகள் முடிந்துவிடும். இரண்டரைக்குப் போனால் பருப்பும் பொரித்த மிளகாயும்தான் மிஞ்சியிருக்கும். பயணத் திட்டம் போடும்போது மத்தியானம் எங்கே நிற்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஏ9-இல் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் முறிகண்டி. எப்படியும் வாகனம் பிள்ளையாருக்காக நிற்கும், தேங்காய் உடைப்பார்கள். கோயில் முன்னால் வரிசையாக உள்ள கடைகளில் கச்சான் (தமிழ்நாட்டார் சொல்கிற நிலக்கடலை) வறுத்து விற்பார்கள். மணலில் போட்டு வறுப்பதால் உள்பருப்பு கருகாமல் சீராகச் சிவந்திருக்கும். ஏற்கெனவே கட்டி வைத்த பையை எடுக்காமல், தாச்சியில் இப்போது வறுபடுவது இறங்கும் வரை இரண்டு நிமிடம் நில்லுங்கள். சூடாகக் கோதுடன் வாங்கி வண்டியில் உடைத்துச் சாப்பிட்டால் ஓமந்தை வரை போதும்.

கூகுள் மேப்பில பாத்தா ஒண்டும் இல்ல, இருக்கிறதுக்கும் ரெண்டு மூண்டு பேர்தான் எழுதியிருக்கினம். நல்ல கடையை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முதலில், "இங்க நல்ல கடை எது?" என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரர் வசதியாக இருக்க வேண்டும் என்று நினைத்து, ஏசி போட்ட, பெரிய போர்டு உள்ள கடையைத்தான் மரியாதைக்குக் காட்டுவார்கள். கடையைக் கேட்காமல் சாமானைக் கேளுங்கள். "அண்ணை, இண்டைக்கு எங்க மீன் பட்டது?" "அக்கா, இந்தப் பக்கம் தயிர் ஆர் போடுகினம்?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கேட்டவருக்குச் சாப்பாடு தெரியும் என்று விளங்கியவுடன் அவர்களே கடையையும் சொல்வார்கள்.

யாரைக் கேட்பது என்றால், என் அனுபவத்தில் மீன்காரரைவிட நல்ல வழிகாட்டி இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஹோன் அடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார்களே, அவர்கள். எந்தக் கடைக்காரர் விடியவே வந்து நல்ல மீனைப் பொறுக்கி எடுக்கிறார், எவர் மிஞ்சினதைக் குறைந்த விலைக்குக் கேட்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பிடிக்க முடியாவிட்டால் சந்தி ஓட்டோக்காரரிடம், "நீங்கள் மத்தியானம் எங்க சாப்பிடுவீங்கள்?" என்று கேளுங்கள்.

கடைக்குள் போனால் பார்க்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, மெனு அட்டை இல்லாமல் "மீனோ, இறைச்சியோ, மரக்கறியோ?" என்று நேரே கேட்டால் நல்ல அறிகுறி. காலையில் வந்ததை மட்டும் சமைக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவது, சொதி. தேங்காய்ப்பால் சொதியை உடனே செய்தால்தான் ருசி, நேரம் போனால் திரைந்துவிடும். சொதி நன்றாக உள்ள கடையில் மற்றதும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

'அம்மாச்சி' எண்டு எல்லாரும் சொல்லினம். அது என்ன கடை?

வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற பாரம்பரிய உணவகம். பல ஊர்களில் உண்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பயணிகள் அதிகம் நிற்பார்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு அக்கா அல்லது அம்மா. ஒருவர் தோசை, ஒருவர் குரக்கன் (கேழ்வரகு) புட்டு, ஒருவர் இலைக்கஞ்சி, ஒருவர் வடை. கண் முன்னால் செய்து தருவார்கள், விலையும் குறைவு. முதல் முறை வருகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காலையில் போங்கள். வல்லாரை அல்லது முசுமுசுக்கைக் கஞ்சி இருந்தால் முதலில் அதைக் குடியுங்கள். அப்புறம் குரக்கன் புட்டு. கறுப்புச் சிவப்பாக, உதிர்ந்தும் உதிராமலும் இருக்கும். தேங்காய்ப்பூவோடு சூடாக வாயில் போட்டால் முதலில் மண்வாசனை மாதிரி ஒன்று வரும், மென்ற பிறகுதான் இனிப்புத் தெரியும். கட்டைச் சம்பலோடு சாப்பிடுகிறவர்களும் உண்டு, வாழைப்பழத்தோடு பிசைகிறவர்களும் உண்டு. போரில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் வன்னியில் ஏராளம். அவர்களில் பலருக்குச் சமையல்தான் வருமானம். இங்கே கொடுக்கிற காசு நேரே அந்தக் கைக்குப் போகிறது என்பதால் எனக்கு இந்த இடங்கள் மேல் தனிப் பிரியம்.

கடல் மீன் நல்லதா, குளத்து மீன் நல்லதா? குளத்து மீன் சேறு மணக்கும் எண்டு சொல்லினமே?

திலாப்பியா சில நேரம் மணக்கும், உண்மைதான். 1952-இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன் அது, இன்று குளத்தோரச் சந்தைகளில் அதிகம் விற்பதும் அதுதான். உப்பும் புளியும் போட்டு நன்றாக உரசிக் கழுவி, மஞ்சள் மிளகாய்த்தூள் பிரட்டி முறுகப் பொரித்தால் அந்த மணம் தெரியாது. குழம்புக்கு விராலைக் கேளுங்கள். முள் குறைவு, சதை கெட்டி, பழப்புளி நன்றாகப் பிடிக்கும். கோடையில் குளம் வற்ற வற்ற மீன் அதிகம் படும், ஆடி முதல் புரட்டாதி வரை நல்ல காலம்.

கடல் மீனுக்கு முல்லைத்தீவுக் கரை அல்லது மன்னார். உள்நாட்டுக் கடையில் கடல் மீன் கேட்பதும், கடற்கரைக் கடையில் குளத்து மீன் கேட்பதும் வேலையில்லாத வேலை.

நந்திக்கடல் றால் நந்திக்கடல் றால் எண்டு ஏன் இவ்வளவு சொல்லினம்? எங்க சாப்பிடலாம்?

நந்திக்கடல் முல்லைத்தீவுக் களப்பு. களப்பு இறாலுக்குக் கடல் இறாலில் இல்லாத ஒரு இனிப்பு உண்டு. முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில் வட்டுவாகல் பாலத்தடியில் வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையின் ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்து, உடம்பைத் திருப்பி வீசுவார்கள். வலை வட்டமாக விரிந்து விழும். அலம்பி எடுக்கும்போது சாம்பல் நிறத்தில், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற இறால்கள் துள்ளும். அந்த நேரத்திலேயே வாங்கலாம்.

வாங்கினால் எங்கே சமைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. தங்குகிற வீட்டிலோ விடுதியிலோ முதல் நாளே கேட்டு வையுங்கள். இறாலைக் கொடுத்து, சமையலுக்குக் காசு கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தலையை எறிய வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். முருங்கைக்காயும் இறால் தலையும் போட்ட குழம்பு இந்தப் பக்கத்தின் பெரிய சொத்து.

எந்த மாசம் வந்தா என்ன கிடைக்கும்?

தை முதல் பங்குனி வரை பெரும்போக அறுவடை. புது அரிசிச் சோறும் பொங்கலும் அப்போதுதான். பூநகரிப் பக்கம் மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் விடாதீர்கள். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அந்த மாவில் ஒரு தனி வாசம்.

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். உப்புநீரில் விளக்கெரிக்கிற கோயில். முள்ளியவளையிலிருந்தே தண்ணீர்ப்பந்தல்கள் தொடங்கிவிடும், மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கேட்காமலே கையில் தருவார்கள். ஆனி, ஆடியில் காட்டோர வீதிகளில் பாலைப்பழம், வீரைப்பழம். பாலைப்பழம் மஞ்சளாக, சின்னதாக, தேன் மாதிரி இருக்கும். அதன் பால் உதட்டில் ஒட்டும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போய்விடும். ஆவணி, புரட்டாதியில் பனங்காய்ப் பணியாரம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம், முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், மீன் குறையும். கருவாட்டுக் குழம்புக்கும் சூடான கூழுக்கும் அதைவிட நல்ல காலம் இல்லை.

நாங்கள் சைவம். மீன் மணம் கூட ஆகாது. எங்களுக்கு ஏதும் இருக்கா?

நிறைய இருக்கிறது. ஊருக்கு ஒரு சைவக்கடையாவது உண்டு. வெள்ளிக்கிழமை வந்தால் இன்னும் நல்லது, பல வீடுகளில் அன்று மச்சம் இல்லை, கடைகளிலும் மரக்கறிக்கு அன்று தனிக் கவனம் இருக்கும். கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், வாழைப்பூ வறை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை வறை என்று கேட்டுச் சாப்பிடுங்கள். கோயில் திருவிழா நாளாக இருந்தால் அன்னதானத்தில் உட்காரத் தயங்க வேண்டாம். யார் எவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மறுபக்கமாகவும் ஒன்று: போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டு. இறைச்சி சாப்பிடுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்து வாருங்கள்.

ஒடியல் கூழ் குடிக்கவேணும். எந்தக் கடையில?

கடையில் தேடுவது வீண். சில இடங்களில் மாலையில் விற்பார்கள், ஆனால் நம்பிப் போக முடியாது. கூழ் ஒரு ஆளுக்குக் காய்ச்சுகிற சாப்பாடு இல்லை. மீன், இறால், நண்டு, கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, கொஞ்சம் அரிசி எல்லாம் ஒரு பெரிய பானையில் அவிந்து, கடைசியில் ஊறவைத்துக் கசப்பு வடித்த ஒடியல் மாவும் பழப்புளியும் சேர வேண்டும். பத்துப் பேராவது சுற்றி இருந்தால்தான் அது கூழ். நாலைந்து பேராக வந்தால், தங்குகிற இடத்தில் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், சாமான் காசைக் கையில் கொடுங்கள், வீட்டுக்காரரையும் அயலவரையும் சேர்த்துக் குடிக்கலாம் என்று சொல்லுங்கள். பிலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடிக்க வேண்டும். கோப்பையில் தந்தால், இலை கேட்டு வாங்குங்கள்.

வீட்டில சாப்பாடு தந்தா காசு குடுக்கலாமா? கோவிப்பினமோ?

இறாலுக்கும் கூழுக்கும் மேலே சொன்னது முன்கூட்டிப் பேசிக்கொண்ட சமையல். அதற்குக் காசு கொடுப்பதுதான் நியாயம், குறைத்துப் பேசாதீர்கள். விருந்தாகக் கூப்பிட்டுத் தந்தால் நிலைமை வேறு. அங்கே கையில் காசை நீட்டினால் முகம் சுருங்கும். போகும்போதே பழமோ, பிஸ்கட்டோ, பிள்ளைகளுக்குக் கொப்பி பேனையோ கொண்டு போங்கள். ஒன்றும் சாப்பிடாமல் எழும்பினால்தான் உண்மையில் கோபம் வரும், ஒரு தேத்தண்ணியாவது குடித்துவிட்டு வாருங்கள்.

மன்னார்ப் பக்கம் என்ன விசேஷம்?

நண்டும் கருவாடும். தீவுக்கு இரண்டு கரை இருப்பதால், ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கம் தொழில் நடக்கும். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தெற்குக் கரை கொந்தளிக்க வடக்குக் கரை அடங்கும், வாடையில் (வடகிழக்குக் காற்று) மாறும். அதனால் மன்னாரில் மீனில்லாத மாதம் என்று பெரிதாக இல்லை. பேசாலைப் பக்கம் போனால் கருவாடு காய்கிற இடத்தையே பார்த்து வாங்கலாம்.

முஸ்லிம் வீடுகளிலும் கடைகளிலும் வட்டிலப்பம் கேளுங்கள், நோன்புக் காலமென்றால் மாலையில் நோன்புக் கஞ்சியும். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சமைப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் தட்டும் வரும்.

கள்ளு கிடைக்குமா?

கிடைக்கும். பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகளில் வாங்கினால் கலப்படப் பயம் குறைவு. காலையில் இறக்கியது இனிப்பாகவும் மத்தியானத்துக்குப் பிறகு புளிப்பேறியும் இருக்கும். குடித்துவிட்டு வாகனம் ஓட்ட வேண்டாம், ஏ9-இல் இரவில் மாடுகள் படுத்திருக்கும்.

வன்னிக்குப் போனா மரை, மான் இறைச்சி சாப்பிடவேணும் எண்டு அப்பா சொல்லுவார். ரகசியமா எங்கயாவது...?

இல்லை. அப்பா சொன்னது அவர் காலத்து வன்னி. இன்று மான், மரை வேட்டையாடுவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். கடலாமைக்கும், மன்னார்க் கடலின் ஆவுளியாவுக்கும் (கடற்பசு) அதே சட்டம்தான். யாராவது மெதுவாக வந்து "மரை இருக்கு" என்று சொன்னால் அது மாட்டிறைச்சியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. உண்மையாகவே மரையாக இருந்தால் அதைவிடக் கெடுதி. காட்டில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான். அப்பாவின் ருசியைத் தேடுகிறீர்கள் என்றால், ஊர்க்கோழியை வாங்கி, வறுத்த தூளும் மிளகும் கூடப்போட்டு, விறகடுப்பில் பிரட்டலாகச் செய்து தரச் சொல்லுங்கள். அவர் நினைவில் இருக்கிற ருசியில் பாதி அந்தத் தூளிலும் புகையிலும்தான் இருந்திருக்கும்.

இவ்வளவு அழிவு நடந்த இடத்தில சாப்பாடு தேடித் திரியிறது சரியா எண்டு மனசு உறுத்துது.

உறுத்துவது நல்ல மனதின் அடையாளம். ஆனால் வராமல் இருப்பதால் இங்கே யாருக்கும் எதுவும் கிடைக்கப் போவதில்லை. கடை வைத்திருக்கிறவர் உங்களிடம் எதிர்பார்ப்பது துக்கம் விசாரிப்பை அல்ல, நன்றாகச் சாப்பிட்டுக் காசு கொடுப்பதை. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. மே 18-ஐ ஒட்டிய நாட்களில் வீதியோரங்களில் கஞ்சி கொடுப்பார்கள். 2009-இல் முள்ளிவாய்க்காலில் சனம் உயிர் பிடித்துக்கொண்டிருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட அந்தக் கஞ்சியில்தான். அதை நினைத்துத்தான் இப்போதும் காய்ச்சுகிறார்கள். தந்தால் இரு கையாலும் வாங்கி, நின்று, முழுக்கக் குடியுங்கள். படம் எடுக்க வேண்டாம், ருசி பற்றிப் பேச வேண்டாம். இந்தப் பக்கத்தில் உள்ள மற்றச் சாப்பாடுகளோடு அதைச் சேர்க்கவே கூடாது.

திரும்பிப் போகேக்க என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

கருவாடு, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), ஒடியல் மா, பனங்கட்டி, மொட்டைக்கறுப்பன் அரிசி, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் பயணம் தாங்கும். கருவாட்டை இன்னொரு வெயில் காயவிட்டு, பேப்பரில் சுற்றிப் பிறகு பொலித்தீன் பையில் கட்டுங்கள். வெளிநாடு போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியை முதலே பார்த்துக்கொள்ளுங்கள், மீனுக்கும் தேனுக்கும் சில நாடுகளில் தடை உண்டு.

தேன் வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பை விட்டுப் பார்ப்பது ஒன்றும் நம்பத் தகுந்த சோதனை அல்ல. வீதியோரப் போத்தலை விட்டுவிட்டு, தங்கிய வீட்டார் தங்களுக்கு யாரிடம் வாங்குகிறார்களோ அவரிடம் சொல்லி எடுப்பியுங்கள். சட்டித் தயிரை வவுனியாவில் காலையில் வாங்கினால் அன்றிரவு கொழும்பு வரை தாங்கும், அதற்கு மேல் இழுக்காதீர்கள். பாலைப்பழத்தைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். மறுநாளே புளித்துவிடும், வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டு முடியுங்கள்.